முன்னால் ஓடியவர் ஏன் தோற்றார்? சைக்கிள் போட்டியில் காற்றின் கணக்கு

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா முடிந்த பின்னேரங்களில் திருகோணமலைப் பக்கத்து ஊர்களில் வழக்கமாகக் கேட்கிற வாக்குவாதம் ஒன்று உண்டு. நிலாவெளிப் பக்கம் போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டத்தில் ஒருவர் பாதித் தூரத்துக்கு மேல் முன்னுக்கே ஓடியிருப்பார். முடிவுக்கோட்டுக்கு 200 மீற்றர் இருக்கையில், அதுவரை அவருடைய பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் விலகி எழும்பி முந்திவிடுவார். "அவன் உழைச்சான், இவன் ஒளிச்சிருந்து கப்பைத் தூக்கிட்டான்" என்று ஒரு பகுதி சொல்லும். "வெண்டவன் வெண்டவன்தான்" என்று மறுபகுதி சொல்லும்.

முன்னால் ஓடியவர் எதற்காக உழைத்தார், பின்னால் வந்தவர் எதைச் சேமித்தார் என்று இரண்டு பகுதியும் கேட்பதில்லை. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த விளையாட்டே விளங்கும்.

காற்றுக்கு எவ்வளவு போகிறது?

சைக்கிள் ஓடுபவர் விநாடிக்கு விநாடி செலவழிக்கும் சக்தியை வாற்றில் அளப்பார்கள். மின்குமிழில் எழுதியிருக்கும் அதே வாற்றுத்தான். சமதரையில் இந்தச் செலவு பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, ரயர் வீதியில் உருளும்போது ஏற்படும் தடை. மற்றது, எதிரே நிற்கும் காற்றை ஒதுக்கித் தள்ளும் வேலை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, றேஸ் சைக்கிள், குனிந்த இருப்பு, காற்றடிக்காத காலை என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

1. மணிக்கு 30 கிலோமீற்றர்: மொத்தம் 140 வாற்று. அதில் காற்றுக்கு 107.
2. மணிக்கு 35 கிலோமீற்றர்: மொத்தம் 209. காற்றுக்கு 171.
3. மணிக்கு 40 கிலோமீற்றர்: மொத்தம் 298. காற்றுக்கு 255.

வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதும், அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தோடு (வேகம் × வேகம் × வேகம்) வளர்வதும்தான் காரணம். நிமிர்ந்து இருந்து ஓடும் சாதாரண லுமாலா சைக்கிளில் நெஞ்சு முழுவதும் காற்றுக்குத் திறந்திருப்பதால் 30 கிலோமீற்றர் வேகத்துக்கே 200 வாற்றுக்கு மேல் போய்விடும். ஆகவே ஊர்ப் போட்டி ஓடுபவர்கள் "இதெல்லாம் பெரிய றேஸ்காரருக்குரிய விசயம்" என்று ஒதுக்கிவிட முடியாது. சைக்கிள் எவ்வளவு சாதாரணமோ, காற்றின் பங்கு அவ்வளவு பெரிது.

ஏற்றத்தில் மட்டும் கதை மாறும். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 100 மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் சரிவொன்றில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால், காற்றுக்குப் போவது 13 வாற்றுத்தான்; உடம்பை மேலே தூக்கக் கிட்டத்தட்ட 200 வாற்று வேண்டும். ஏற்றத்தில் ஒருவருக்குப் பின்னால் மறைந்து பெரிய பயனில்லை. ஆனால் திருகோணமலையின் கரையோர வீதிகள் அனேகமாகச் சமதரை. இங்கே போட்டியைத் தீர்மானிப்பது காற்றே.

மறைவு என்றால் என்ன?

முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போகும்போது அவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அந்தப் பகுதியிலுள்ள காற்றும் அவரோடு கொஞ்சம் இழுபட்டு வருகிறது. அதற்குள் ஓடுவதையே மறைவில் ஓடுதல் என்கிறேன்.

அதன் பயன் அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. 1990 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஓடும்போது உடம்பு எடுக்கும் ஒட்சிசனை அளந்தார்கள். 32 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவருக்குப் பின்னால் ஓடியபோது தேவை 18 சதவீதம் குறைந்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் 27 சதவீதம். எட்டுப் பேருக்குப் பின்னால் ஓடியபோது 39 சதவீதம். பிறகு 2018 இல் பேர்ட் பிளொக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நல்ல உட்பகுதியில் இருப்பவருக்கு வரும் காற்றுத்தடை, தனியாக ஓடுபவருக்கு வருவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. நம்முடைய போட்டிகளில் முப்பது நாற்பது பேர்தான், அதுவும் நெருக்கமில்லாமல் ஓடுவார்கள். ஆகவே அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பது தாராளமாகக் கிடைக்கும்.

முன்னால் போகிறவர் இதனால் எதையும் இழப்பதில்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பின்னால் ஒருவர் நெருங்கி வரும்போது முன்னவருக்குப் பின்னால் இருக்கும் இழுவையும் சற்றுக் குறைகிறது. அவருக்கும் ஓரிரு சதவீதம் லாபம். எனவே இதைக் களவு என்று சொல்வது சரியல்ல. உலகெங்கும் வீதிப் போட்டி விதிகள் இதை அனுமதிக்கின்றன. அனுமதிக்காதது வாகனத்தின் மறைவை. நண்பர் மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போக, அவருக்குப் பின்னால் ஓடி வெல்வதுதான் உண்மையான அநியாயம். ஒட்டி ஓட வேண்டும் என்றுகூட இல்லை. மோட்டார் சைக்கிள் பல பத்து மீற்றர் முன்னால் போனாலும் அதன் பின்காற்று உதவி செய்யும். படம் பிடிக்கிறவர்களும் உற்சாகப்படுத்துகிறவர்களும் இதைத் தெரியாமலே செய்துவிடுகிறார்கள்.

மறைவில் ஓடுவதற்குக் கை பழக வேண்டும். முன்னவரின் பின்சில்லுக்கும் உங்கள் முன்சில்லுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் நல்ல மறைவு. புதிதாகப் பழகுபவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டாலும் பயன் உண்டு. கண் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முன்னவரின் தோளுக்கு மேலால் மூன்றாவது நான்காவது ஆளைப் பார்க்க வேண்டும். ஆள் இருக்கையை விட்டு எழும்பி மிதிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அவருடைய சைக்கிள் ஒரு சாண் பின்னுக்கு வரும். அதைத் தெரியாதவர்தான் மோதுவார். வேகம் கூடிவிட்டால் பிறேக்கைத் தொடாமல் நெஞ்சை நிமிர்த்தினால் போதும், காற்றே உங்களைப் பின்னுக்குப் பிடிக்கும். உங்கள் முன்சில்லு முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் நுழைந்து நிற்க ஒருபோதும் விடாதீர்கள். இரண்டும் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். நம்முடைய வீதிகளில் மாடு குறுக்கே வரும், கடற்கரை மணல் வீதியோரத்தில் படிந்திருக்கும். முன்னால் இருப்பவர் கையால் காட்டிச் சத்தமும் போட வேண்டும், அதைப் பின்னால் இருப்பவர்கள் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும்.

கச்சானும் கடற்காற்றும்

காற்று அசையாமல் நிற்கும் நாளுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. காற்றடித்தால் எல்லாம் பெருகும். 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு 15 கிலோமீற்றர் எதிர்க்காற்று வந்தால் 140 வாற்றுச் செலவு 270 ஐத் தாண்டும். அதே காற்று பின்னால் வந்தால் 60 வாற்றுப் போதும். இதிலிருந்து முதல் தந்திரம் கிடைக்கிறது: எதிர்க்காற்றில் மறைவின் பெறுமதி மிக அதிகம், ஆகவே அங்கே ஒளிந்திருக்க வேண்டும். பின்காற்றில் மறைவின் பெறுமதி குறைவு, ஆகவே பிரிந்து ஓட நினைப்பவருக்கு அது நல்ல இடம்.

ஆனால் கூட்டத்தைத் துண்டு துண்டாக்குவது பக்கக்காற்று. உப்புவெளி, நிலாவெளி தாண்டிக் குச்சவெளிக்குப் போகும் வீதி வடக்கும் வடமேற்குமாகப் போகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். போகும்போது அது இடப்பக்கத்தில் அடிக்கும். திரும்பும்போது வலப்பக்கத்தில் அடிக்கும். சித்திரையில் காலைக் காற்று மெல்லியது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பும். காலை 6 மணிக்குத் தொடங்கும் போட்டியும் 10 மணிக்குத் தொடங்கும் போட்டியும் ஒரே வீதியில் நடந்தாலும் இரண்டு வேறு போட்டிகள்.

பக்கக்காற்றில் மறைவு நேர் பின்னால் இருக்காது. இடப்பக்கக் காற்றென்றால் முன்னவருக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். அவருக்கு வலப்பக்கம் அடுத்தவர், அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் என்று கூட்டம் வீதிக்குக் குறுக்கே சரிந்து நிற்கும். இதைச் சாய்வரிசை எனலாம். வீதியின் பாதிதான் போட்டிக்கு என்றால் நான்கு ஐந்து பேரோடு நடுக்கோடு வந்துவிடும். ஆறாமவருக்கு இடமில்லை. அவர் நடுக்கோட்டோடு நேராக வரிசையில் நின்று முழுக் காற்றையும் தானே வாங்குவார். அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் அதே கதி. முதல் ஐந்து பேரில் இல்லாதவர், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், சில நிமிடங்களில் பிய்ந்துபோவார்.

இதையே ஆயுதமாகவும் பாவிக்கலாம். இடக்காற்றில் முன்னால் ஓடுபவர் வீதியின் இடது கரையில் போகாமல் நடுக்கோட்டை அண்டி ஓடினால், பின்னால் வருபவர்களுக்கு மறைந்து நிற்க வலப்பக்கத்தில் இடமே இருக்காது. திரும்பி வரும் வழியில் காற்று வலப்பக்கம் மாறியதும் இடது கரையை அண்டி ஓட வேண்டும். வாகனங்கள் ஓடும் வீதியில் மறைவு தேடி நடுக்கோட்டைத் தாண்டுவது மட்டும் கூடாது. அதில் இழக்கப் போவது இடமல்ல, உயிர்.

எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வீடும் மதிலும் மரமும் விடுதிகளின் வேலியும் உள்ள இடத்தில் காற்றுத் தெரியாது. அவை முடிந்து நீர்ப்பரப்பு திறக்கும் இடத்தில் தெரியும். இறக்கக்கண்டிப் பாலம் அப்படிப்பட்ட இடம். பாலத்துக்கு ஒரு கிலோமீற்றர் முன்பே முதல் ஐந்து பேருக்குள் போய்விட்டவர் அதைக் கவலையில்லாமல் கடப்பார். பாலத்தில் ஏறிய பிறகு யோசிப்பவருக்கு முன்னுக்குப் போக வழி இருக்காது. காற்றின் திசை தெரிய எந்தக் கருவியும் வேண்டாம். பனை ஓலை சாயும் பக்கம், கம்பி வேலியில் சிக்கிய பொலித்தீன் பை விசிறும் பக்கம், நங்கூரம் போட்ட வள்ளங்கள் மூக்கைத் திருப்பி நிற்கும் பக்கம் பார்த்தால் போதும். வள்ளத்தின் மூக்கு நோக்கும் திசையிலிருந்துதான் அனேகமாகக் காற்று வருகிறது.

உடம்பிலுள்ள இரண்டு கையிருப்பு

ஓடுபவரிடம் இரண்டு வகையான சேமிப்பு உண்டு. ஒன்று, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லைக்கு மேல் பாய்வதற்கான சின்னக் குடம். நல்ல பயிற்சியுள்ள சாதாரண ஓட்டக்காரருக்கு இது ஏறத்தாழ 20,000 யூல் (ஒரு வாற்று வீதம் ஒரு விநாடி செலவழித்தால் ஒரு யூல்). எல்லைக்கு மேல் 300 வாற்றில் 20 விநாடி பாய்ந்தால் 6,000 யூல் போய்விடும். அப்படி மூன்று பாய்ச்சலோடு குடம் ஏறக்குறைய காலி. வேகத்தைக் குறைத்து மறைவில் இருந்தால் அது மெல்ல மெல்ல நிரம்பும். நிரம்புவது இறைப்பதைப் போல வேகமாக நடக்காது. முதல் ஐந்து கிலோமீற்றரில் கைதட்டலுக்காக இரண்டு தரம் பாய்ந்தவர் கடைசியில் ஏன் எழும்ப முடியாமல் போகிறார் என்பதற்கு விடை இதுதான்.

மற்றது, தசையிலும் ஈரலிலும் இருக்கும் மாச்சத்து. கடினமாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அது வற்றத் தொடங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் ஊர்ப் போட்டிக்கு முதல்நாள் இரவுச் சோறே போதும். அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கிறது. பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். வெயிலில் தண்ணீர் மட்டும் குடிக்காமல் உப்புச் சேர்ந்த தேசிக்காய்த் தண்ணீரோ ஜீவனியோ கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்தாலே எவ்வளவு போகிறது என்று தெரியும்.

எங்கே செலவழிப்பது, எங்கே ஒளிப்பது

1. தொடக்கத்தில் முன்பகுதியில் இருங்கள், முதல் ஆளாக இராதீர்கள். ஐந்தாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடைப்பட்ட பகுதி நல்லது.

2. வீதி நடுவில் பரல் (பீப்பாய்) வைத்துத் திருப்பும் இடம் ஒரு பொறி. முப்பது பேர் வரிசையாக வந்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் எழுபது எண்பது மீற்றர் இடைவெளி இருக்கும். முதல் ஆள் திரும்பி வேகமெடுத்துவிட்டபோது கடைசி ஆள் இன்னும் பிறேக் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் முழுப் பாய்ச்சலோடுதான் திரும்பச் சேர முடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தத் தண்டனை அவருக்கு மட்டும். பரலுக்கு முன்னால் சில இடங்கள் முன்னேற ஒரு பத்து விநாடி செலவழித்தால் அது நல்ல செலவு.

3. இடைவெளியைச் சின்னதாக இருக்கும்போதே மூடுங்கள். முன்னால் போகிறவரைவிட 2 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் 5 மீற்றர் இடைவெளியை மூட 9 விநாடி. 50 மீற்றரை மூட 90 விநாடி. அந்த 90 விநாடியும் முழுக் காற்றில்.

4. யாராவது பாய்ந்தால் உடனே நீங்களே துரத்தத் தேவையில்லை. அவரை விட முடியாத இன்னொருவர் இருப்பார். ஒரே அணியின் நால்வர் வந்திருந்தால், அதாவது முப்படை அணிகள் கலந்துகொள்ளும் போட்டி போல, இது தலைகீழாகும். அவர்களில் ஒருவர் பிரிந்து போவார், மற்ற மூவரும் துரத்தாமல் மறைவில் இருப்பார்கள். தனியாக வந்தவர் துரத்தினால் அந்த மூவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறார்.

பிரிந்து ஓடுகிறவர்களின் கணக்கு

நால்வர் பிரிந்து 40 கிலோமீற்றர் வேகத்தில் முறை வைத்து முன்னுக்கு ஓடுகிறார்கள் என்று வையுங்கள். முன்னால் இருக்கும்போது 300 வாற்று, மறைவில் இருக்கும்போது 210. சமமாகப் பகிர்ந்தால் சராசரி 232 வாற்று வரும். அதே 232 வாற்றில் தனியாக ஓடுபவருக்கு 36 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான் வேகம். 40 கிலோமீற்றர் தூரத்தில் இது ஏறக்குறைய ஆறு நிமிட வித்தியாசம். கரைவலை இழுப்பது போலத்தான்: ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தால் மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். முறை ஓடும்போது வேகத்தைக் கூட்டிப் பெருமை காட்டாமல், அதே வேகத்தில் அரை நிமிடம் ஓடி ஒதுங்குங்கள். அரை நிமிடம் முடியாதவர் பத்து விநாடி ஓடட்டும். அதுவும் உதவிதான்.

பிரிந்தவர்களுக்கும் துரத்துபவர்களுக்கும் மிக முக்கியமான தகவல் இடைவெளி. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 137 கிலோமீற்றர் வீதிப் போட்டியை ஒஸ்ரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் வென்றார். அவர் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது ஒப்பந்தம் இல்லாதவர். தொடக்கத்திலேயே சிலரோடு பிரிந்து போய், கடைசி 40 கிலோமீற்றரைத் தனியாகவே ஓடி முடித்தார். காதில் வானொலித் தொடர்பு இல்லாத போட்டி அது. பின்னால் வந்த நெதர்லாந்தின் அனமீக் வான் வ்லூட்டன், முன்னால் ஒருவர் இருப்பது தெரியாமல் கோட்டைக் கடக்கும்போது கையைத் தூக்கிக் கொண்டாடினார். அவர் 75 விநாடி பிந்தியிருந்தார். உலகின் மிகப் பலமான அணியான நெதர்லாந்து, முன்னால் இன்னும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை தெரியாததால், துரத்த வேண்டிய நேரத்தில் துரத்தவில்லை.

போய்த் திரும்பும் பாதையில் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். பரலைச் சுற்றும் கணத்தில் விநாடி எண்ணத் தொடங்குங்கள். எதிரே வரும் கூட்டத்தின் முதல் ஆள் உங்களைக் கடக்கும்போது 20 என்று வந்தால், இடைவெளி 40 விநாடி. அவரும் அந்த இடத்திலிருந்து பரலுக்குப் போக ஏறக்குறைய அதே நேரம் எடுப்பார், ஆகவே இரட்டிப்பாக்க வேண்டும்.

கடைசி 200 மீற்றர்

இப்போது தொடக்கத்தில் சொன்ன வாக்குவாதத்துக்கு வரலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் ஓடுபவருக்கு 550 வாற்றுச் செலவு. பின்சில்லில் ஒட்டியிருப்பவருக்கு 350 அளவில் போதும். பாயும் கணத்துக்கு முன்னரே இருவருக்கும் 200 வாற்று வித்தியாசம். கால் முழுப்பலத்தோடு வேலை செய்வது பத்துப் பதினைந்து விநாடிதான். 200 மீற்றருக்கு 13 விநாடி போகும். எதிர்க்காற்று என்றால் 150 மீற்றர் வரை பொறுக்க வேண்டும். பின்காற்று என்றால் 250 மீற்றரில் எழும்பலாம், அப்போது பின்னால் இருப்பவருக்கு மறைவின் லாபம் குறைவு. பக்கக்காற்றென்றால் காற்று வராத பக்கத்து ஓரத்தை அண்டி முதலில் ஓடுங்கள். முந்த வருபவர் காற்றுள்ள பக்கத்தால்தான் வர வேண்டியிருக்கும்.

முன்னால் ஓடியவருக்கும் ஒரு வழி இருந்தது. கடைசி ஒரு கிலோமீற்றரில் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் விலகி, பின்னவரை முன்னுக்கு விட்டுப் பார்த்திருக்கலாம். மூன்றாமவர் பின்னால் நெருங்கி வராத வரை அது ஆபத்தில்லை. பின்னவருக்கு முன்னுக்குப் போக விருப்பமில்லாவிட்டால் இருவரும் மெதுவாகவே ஓடுவார்கள், முன்னவரின் குடத்தில் கொஞ்சம் நிரம்பும். அப்படிச் செய்யாமல் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு வந்ததால்தான், பின்னவரின் காற்றுச் செலவையும் அவர் கடைசி வரை தன் காலால் கட்டிக்கொண்டு வந்தார்.